போரை எதிர்த்தவர்கள் ஏன் மொழியை உடைத்தார்கள்?

டாடா என்ற கலை, இலக்கிய இயக்கம் முதல் உலகப் போருக்கு எழுந்த எதிர்வினை என்று புத்தகங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அந்த ஒரு வரி உங்களுக்குப் போதவில்லை. போரை எதிர்ப்பவன் போரைத்தானே எதிர்க்க வேண்டும், அட்டையில் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு பொருளில்லாத ஒலிகளை மேடையில் ஓதுவதில் போர் எதிர்ப்பு எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்கள். நடுநிலை நாடான சுவிட்சர்லாந்தில் பத்திரமாக உட்கார்ந்திருந்த இளைஞர்களின் பொழுதுபோக்குக்குப் பின்னாளில் விமர்சகர்கள் ஏற்றிவைத்த பெருமையா இது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள். நுண்கலை மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கலை வரலாறு கற்பித்து வருகிறேன். ஐரோப்பிய நவீனக் கலையில் இந்தப் பகுதி வரும்போதெல்லாம் வகுப்பில் யாராவது ஒருவர் இதையே கேட்பார். நான் இவர்களைப் படித்தது ஜெர்மன், ஆங்கிலம் வழியாகத்தான். ருமேனிய மொழியில் உள்ளவற்றை மொழிபெயர்ப்பில் மட்டுமே அறிவேன். அந்த எல்லைக்குள் நின்று பதில் சொல்கிறேன். அவர்கள் கலையையும் மொழியையும் தாக்கியதற்குக் காரணம், 1914-இல் கலையும் மொழியும் போரின் பக்கம் போய் நின்றதுதான்.

இது என் ஊகமல்ல, அச்சில் இருக்கிறது. 1914 ஆகஸ்டில் ஜெர்மன் படை பெல்ஜியத்தின் லூவேன் நகரைக் கொளுத்தியது. அந்நகரின் பல்கலைக்கழக நூலகம் லட்சக்கணக்கான நூல்களோடு எரிந்து போயிற்று. அக்டோபரில் ஜெர்மனியின் 93 அறிஞர்களும் கலைஞர்களும் பண்பாட்டு உலகத்தை நோக்கி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். நாடக ஆசிரியர் கெர்ஹார்ட் ஹவுப்ட்மான், ஓவியர் மாக்ஸ் லீபர்மான், இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்க், நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட் ஆகியோரும் அதில் கையெழுத்திட்டிருந்தார்கள். “இது உண்மையல்ல” என்று தொடங்கும் ஆறு பத்திகள் அதில் உண்டு. ஜெர்மனி போரைத் தொடங்கியது என்பது உண்மையல்ல, பெல்ஜியத்தின் நடுநிலையைக் குலைத்தது என்பது உண்மையல்ல, லூவேனில் படை மிருகத்தனமாக நடந்துகொண்டது என்பது உண்மையல்ல. கதே, பேத்தோவன், காண்ட் ஆகியோரின் மரபைப் புனிதமாகக் கருதும் நாடு நாங்கள் என்று அறிக்கை முடிகிறது. மறுபக்கமும் சளைக்கவில்லை. பாரிஸில் தத்துவ அறிஞர் பெர்க்சன், ஜெர்மனிக்கு எதிரான இந்தப் போர் காட்டுமிராண்டித்தனத்தை எதிர்த்து நாகரிகம் நடத்தும் போர் என்று அதே ஆகஸ்ட் மாதம் பேசினார். இருபது வயதுகளில் இருந்த ஒரு கவிஞனுக்கு அன்று என்ன தோன்றியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவன் வணங்கிய ஆசான்களே தாங்கள் கற்பித்த அழகிய மொழியைக் கொண்டு எரிந்த நூலகத்தை மறைத்தார்கள்.

அப்படிப்பட்ட ஒருவர்தான் ஜெர்மன் கவிஞர் ஹ்யூகோ பால். ரைன்ஹார்ட்டின் நாடகப் பள்ளியில் படித்தவர். 1914-இல் அவரும் மற்றவர்களைப் போலப் படையில் சேரத்தான் முயன்றார்; உடல்நிலை காரணமாக ஏற்கவில்லை. தாமாகவே போர்முனைப் பகுதிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். திரும்பி வந்தவர் பெர்லினில் அமர்ந்து, அரசே வேண்டாம் என்ற ரஷ்யச் சிந்தனையாளர்களான பக்கூனினையும் கிரோபோட்கினையும் படிக்கத் தொடங்கினார். நெருங்கிய நண்பர் ஹான்ஸ் லைபோல்ட் போரில் காயமுற்று, 1914 செப்டம்பரில் உயிரை மாய்த்துக்கொண்டார். 1915 பிப்ரவரியில் ஹ்யூகோ பாலும் மருத்துவ மாணவரான ரிச்சர்ட் ஹூல்சன்பெக்கும் போரில் இறந்த கவிஞர்களுக்காகப் பெர்லினில் ஒரு நினைவுக் கூட்டம் நடத்தினார்கள். நினைவுகூரப்பட்டவர்களில் ஒருவர் சார்ல் பெகி. அவர் பிரெஞ்சுக் கவிஞர். ஜெர்மன் குண்டுக்கு இரையானவர். போர் உச்சத்தில் இருக்கும்போது தலைநகரில் மேடை போட்டு எதிரி நாட்டுக் கவிஞனுக்கு அஞ்சலி செலுத்தினார்கள். டாடா சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பிறந்தது என்று எல்லோரும் எழுதுகிறோம். என்னைக் கேட்டால் அதன் விதை இந்தக் கூட்டத்தில் இருக்கிறது என்பேன்.

1915-இல் ஹ்யூகோ பாலும் பாடகியும் கவிஞருமான எம்மி ஹென்னிங்ஸும் சூரிச் போய்ச் சேர்ந்தார்கள். பத்திரமாக உட்கார்ந்திருந்தவர்கள் என்கிறீர்கள். குண்டு விழவில்லை என்ற அளவில் சரி. ஆனால் கையில் காசில்லை, பொய்ப் பெயரில் வசித்ததால் போலீஸ் விசாரணை வேறு. பிழைப்புக்காக மூன்றாந்தரக் கேளிக்கைக் குழுவோடு ஹ்யூகோ பால் பியானோ வாசித்தார், ஹென்னிங்ஸ் பாடினார். பிறகுதான் பழைய நகரப் பகுதியில் ஸ்பீகல்காஸே தெரு 1-ஆம் எண் கட்டடத்தில் மதுக்கூடம் நடத்திவந்த யான் எஃப்ராயிம் என்பவரிடம் போய், உங்கள் கூடத்தைக் கொடுங்கள், ஒரு காபரே நடத்துகிறேன் என்று கேட்டார். எஃப்ராயிம் முன்னாள் டச்சு மாலுமி. அவர் சம்மதித்ததால் 1916 பிப்ரவரி 5 அன்று காபரே வோல்டேர் திறக்கப்பட்டது. நம் பழைய சினிமாக்களின் காபரே நடனத்தை மனத்தில் கொள்ள வேண்டாம். கவிதை, பாட்டு, பியானோ, சுவரில் ஓவியங்கள், மேசைக்கு மேசை பியர் என்று இருந்த ஒரு மதுக்கூட அரங்கம் அது.

திறப்பு நாள் மாலையை ஹ்யூகோ பால் நாட்குறிப்பில் பதிந்து வைத்திருக்கிறார். மாலை ஆறு மணிக்கு அவர்கள் இன்னும் ஆணி அடித்துச் சுவரொட்டிகளை மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். கீழைத்தேயத் தோற்றமுள்ள நான்கு சிறிய மனிதர்கள் அக்குளில் ஓவியங்களையும் கோப்புகளையும் இடுக்கிக்கொண்டு, பணிவாகப் பலமுறை குனிந்து வணங்கியபடி உள்ளே வருகிறார்கள். அவர்கள்தான் ருமேனியர்களான ஓவியர் மார்செல் யாங்கோ, அவருடைய தம்பி, கவிஞர் திரிஸ்தான் ஜாரா, பெயர் பதிவாகாத நான்காமவர். ஓவியர் ஹான்ஸ் ஆர்ப்பும் அன்று அங்கே இருந்தார். ஜாரா தம் கோட்டுப் பைகளிலிருந்து எடுத்த கவிதைகளை அன்றே படித்தார். அரங்கம் நிரம்பி, இடமில்லாமல் பலர் நின்றார்கள்.

உங்கள் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புள்ள இடம் அடுத்து வருகிறது. தொடக்க வாரங்களில் அங்கே பொருளில்லாத ஒலி எதுவும் இல்லை. பிரெஞ்சுக் கவிதைகளும் ஜெர்மன் கவிதைகளும் படிக்கப்பட்டன. ரஷ்ய மாலை ஒன்று, பிரெஞ்சு மாலை ஒன்று நடந்தன. அந்தக் கூடம் திறந்து பதினாறு நாள் கழித்து, பிப்ரவரி 21 அன்று, பிரான்ஸில் வெர்தூன் போர் தொடங்கியது. டிசம்பர் வரை நீண்ட அந்தப் போரில் இரு தரப்பிலுமாகச் சுமார் மூன்று லட்சம் பேர் மடிந்தார்கள். ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் அங்கே ஒருவரையொருவர் அழித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில், ஒரே மேடையில் இரு மொழிக் கவிதையும் ஒலித்தது. இதைவிட நேரடியான எதிர்ப்பு வேண்டுமென்றால் ஹென்னிங்ஸ் பாடிய பாட்டு இருக்கிறது. படைவீரர்கள் பாடிய “இப்படித்தான் வாழ்கிறோம்” என்ற பழைய பாட்டின் மெட்டிலேயே “இப்படித்தான் சாகிறோம், நாளும் சாகிறோம்” என்று ஹ்யூகோ பால் எழுதிய மரண நடனப் பாட்டு அது. ஆகவே அவர்கள் போருக்கு எதிராக எழுதவில்லை என்பது சரியல்ல. எழுதினார்கள், பாடினார்கள், அது போதாது என்று உணர்ந்த பிறகே மொழியின் மீது கை வைத்தார்கள்.

எப்படிக் கை வைத்தார்கள்? மார்ச் இறுதியில் ஹூல்சன்பெக், யாங்கோ, ஜாரா மூவரும் மேடையில் நின்று ஒரே நேரத்தில் ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றிலும் ஒரு கவிதையைப் படித்தார்கள். வாடகைக்கு வீடு தேடி அலையும் ஒரு கடற்படைத் தளபதியைப் பற்றியது. நடுநடுவே விசில், கிலுகிலுப்பை, பெரிய முரசு. ஒரு சொல்லும் முழுதாகக் காதில் விழாது. தளபதிக்கு எதுவும் கிடைக்கவில்லை என்ற கடைசி வரியில் மட்டும் மூன்று குரல்களும் பிரெஞ்சில் ஒன்றுசேரும். தன்னைச் சூழ்ந்து நசுக்கும் இரைச்சலோடு மனிதக் குரல் நடத்தும் போராட்டம் இது என்று ஹ்யூகோ பால் குறிக்கிறார். ஏப்ரல் மாதக் குறிப்பு இன்னும் வெளிப்படையானது. இங்கே பேசப்படும், பாடப்படும் ஒவ்வொரு சொல்லும் இதையாவது சொல்கிறது: இந்த இழிவான காலத்தால் எங்கள் மரியாதையைப் பெற முடியவில்லை. அதில் மதிக்கத்தக்கது என்ன இருக்கிறது, அதன் பீரங்கிகளா, எங்கள் முரசு அவற்றை அமுக்கிவிடுகிறது என்கிறார். உளறல் என்று நீங்கள் கேட்ட ஒலிக்கு அவர் வைத்திருந்த பொருள் இதுதான்.

ஜூன் 23 அன்று நடந்ததை மாணவர்களிடம் நான் விரிவாகவே சொல்வதுண்டு. ஹ்யூகோ பால் கால்களைப் பளபளக்கும் நீல அட்டைக் குழாய்க்குள் நுழைத்துக்கொண்டார். அது இடுப்பு வரை வந்தது. மேலே உள்ளே சிவப்பும் வெளியே பொன்னிறமுமான அட்டை மேலங்கி. கழுத்தோடு கட்டியிருந்ததால் முழங்கையை உயர்த்தினால் சிறகு போல அசையும். தலையில் நீலமும் வெள்ளையும் கோடிட்ட நீள உருளைத் தொப்பி. அந்த உடையில் நடக்க முடியாது. விளக்கை அணைத்து, அவரைத் தூக்கிக்கொண்டு போய் மேடையில் நிறுத்தினார்கள். மூன்று பக்கமும் தாங்கிகளில் வைத்திருந்த தாள்களைப் பார்த்து, “காட்ஜி பேரி பிம்பா” என்று தொடங்கும் ஒலிக் கவிதையை மெதுவாக, கம்பீரமாகப் படித்தார். படிக்கப் படிக்கக் குரல் கனத்தது. முகத்தில் சிரிப்பு வராமல் காக்க வேண்டும், எப்படி முடிப்பது என்றும் தெரியவில்லை. அப்போது குரல் தானாகவே கத்தோலிக்கத் தேவாலயங்களில் பாதிரியார்கள் இசைக்கும் பழைய புலம்பல் ராகத்துக்குப் போய்விட்டது என்கிறார். சிறுவயதில் தேவாலயத்தில் இறுதிச் சடங்கின் சொற்களை அச்சத்தோடு கேட்டுக்கொண்டிருந்த பையனின் முகம் தம்முள் எழுந்தது என்றும் எழுதுகிறார். விளக்கு அணைந்தது, வியர்வையில் நனைந்தவரை மேடையிலிருந்து இறக்கினார்கள். மறுநாள் குறிப்பில் காரணத்தையும் சொல்கிறார்: பத்திரிகைத் தொழில் கெடுத்துப் பாழாக்கிய மொழியை இந்த ஒலிக் கவிதைகளில் நாங்கள் அடியோடு கைவிடுகிறோம். 1916-இன் பத்திரிகை என்பது தணிக்கை செய்யப்பட்ட போர்ச் செய்தி, வெற்றி முழக்கம், இறந்தவர் பட்டியல் ஆகியவைதான். அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு அந்தப் போரை எதிர்த்துக் கவிதை எழுத முடியாது என்ற முடிவுக்கு வந்த ஒரு மனிதரை இங்கே பார்க்கிறோம். இதைக் கேலிக்கூத்து என்று என்னால் சொல்ல முடியாது. அவரே இதைக் கோமாளிக் கூத்தும் இறந்தோருக்கான பூசையும் சேர்ந்தது என்று மார்ச்சிலேயே குறித்திருந்தார்.

இதுவரை சொன்னதில் எதை உறுதியாக நம்பலாம் என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். திறப்பு நாள், இடம், பங்கேற்றவர்கள், அந்த ஆண்டு அவர்கள் வெளியிட்ட காபரே வோல்டேர் இதழ், போரையும் தாய்நாடுகளையும் கடந்து வேறு இலட்சியங்களுக்காக வாழும் சுதந்திர மனிதர்களை நினைவூட்டவே இந்த அரங்கம் என்று அதன் முன்னுரை சொல்வது, இவை உறுதி. மேடையில் உணர்ந்தது, அரங்கின் மனநிலை ஆகியவற்றுக்கு நமக்கு உள்ள பெரிய சாட்சி ஹ்யூகோ பாலின் நாட்குறிப்பு. அதை 1927-இல் வெளியிடுவதற்கு முன் அவரே திருத்திச் செப்பனிட்டார். அதற்குள் அவர் தீவிரக் கத்தோலிக்கராக மாறியிருந்தார். தேவாலய ராகம் பற்றிய பகுதியில் பிற்காலப் பக்தியின் சாயல் கொஞ்சம் ஏறியிருக்கலாம். அந்த அட்டை உடையில் அவர் நிற்கும் புகழ்பெற்ற புகைப்படமும் மேடையில் எடுத்ததாகத் தெரியவில்லை, ஸ்டுடியோவில் எடுத்ததாகவே கருதுகிறார்கள். அரங்கின் உட்புறத்தை யாங்கோ தீட்டிய ஓவியம் தொலைந்துவிட்டது, அதன் புகைப்படம்தான் மிஞ்சியது. டாடா என்ற பெயரை யார் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதில் ஹூல்சன்பெக் ஒரு கதையும், ஜாராவின் பக்கம் இன்னொரு கதையுமாகப் பல்லாண்டு சண்டை போட்டார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. லெனின் அதே தெருவில் 14-ஆம் எண் வீட்டில் 1916 பிப்ரவரி முதல் 1917 ஏப்ரல் வரை குடியிருந்தார் என்பது உண்மை. அவர் காபரேவுக்கு வந்தார், ஜாராவோடு சதுரங்கம் ஆடினார் என்பதெல்லாம் பின்னாளில் எழுந்த பேச்சு. அவற்றை உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

“போருக்குப் பயந்து ஓடியவர்கள்தானே” என்ற கேள்வியை ஆளுக்கு ஆள் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜாராவும் யாங்கோவும் 1915-இல் படிக்க வந்தவர்கள். ருமேனியா 1916 ஆகஸ்ட் வரை போரிலேயே இல்லை. ஆர்ப் ஸ்ட்ராஸ்பூர்க்கில் பிறந்தவர். அவ்வூர் அன்று ஜெர்மனியின் கையில் இருந்தது. ஜெர்மன், பிரெஞ்சு இரண்டு பண்பாட்டிலும் வளர்ந்தவர் அவர். எந்தப் பக்கம் நின்று சுடுவது? ஜெர்மன் தூதரகத்தில் ஆள்சேர்ப்புப் படிவத்தைக் கொடுத்தபோது, எல்லாக் கட்டத்திலும் பிறந்த தேதியையே எழுதி, கீழே கோடு போட்டு அவற்றைக் கூட்டிக் காட்டினார் என்று நண்பரும் ஓவியருமான ஹான்ஸ் ரிக்டர் சொல்லும் கதை ஒன்று உண்டு. கதை எவ்வளவு உண்மையோ, அவர் படையில் சேரவில்லை என்பது உண்மை. ரிக்டர் போரில் காயம்பட்டு 1916-இல் சூரிச் வந்தவர். பிற்பாடு கொலோனில் டாடா நடத்திய மாக்ஸ் எர்ன்ஸ்ட் போர் முழுவதும் பீரங்கிப் படையில் இருந்தவர். 1914 ஆகஸ்ட் 1 அன்று தாம் இறந்து 1918 நவம்பர் 11 அன்று மீண்டும் உயிர் பெற்றதாக எழுதினார். போரிட மறுத்தவரை நான் கோழை என்று அழைக்க மாட்டேன். அழைக்க விரும்புகிறவர்கள்கூட இந்தப் பட்டியல் முழுவதுக்கும் அந்தச் சொல்லைப் பொருத்த முடியாது.

போர் இல்லாமல் டாடா இல்லை என்று சொல்வதும் பாதி உண்மைதான். சொற்களைச் சிதறடிப்பதும் இரைச்சலை இசையாக்குவதும் எதிர்காலவாதிகள் (ஃபியூச்சரிஸ்டுகள்) என்ற இத்தாலியக் கலைக் குழுவினர் போருக்கு முன்பே செய்தவை. ஆனால் அவர்கள் போரைப் போற்றியவர்கள். அன்றாடப் பொருளையே கலையாக்கும் வழியில், பாரிஸில் ஓவியர் மார்செல் துஷாம்ப் சைக்கிள் சக்கரத்தை முக்காலியில் பொருத்தியது 1913-இல். கருவிகள் முன்பே இருந்தன. அவற்றைப் போருக்கு எதிராகத் திருப்பியதே சூரிச் செய்தது.

இவர்களை நான் மதிக்கிறேன் என்பதால் குறைகளை மறைக்க விரும்பவில்லை. ஹூல்சன்பெக் முரசடித்துக்கொண்டு “நீக்ரோ கவிதைகள்” என்று தாமே புனைந்த ஒலிகளை ஓதினார். கடல் சுற்றிய எஃப்ராயிம், கறுப்பின மக்கள் யாரும் இப்படிப் பாடுவதில்லை என்று சொல்லி, தமக்குத் தெரிந்த உண்மையான வரிகளைக் கொடுத்தாராம். ஹூல்சன்பெக்கே சொன்ன செய்தி இது. ஐரோப்பாவின் ஆணவத்தைச் சாடிய மேடையிலேயே ஆப்பிரிக்கா வெறும் இரைச்சலாகப் பயன்பட்டது. காலனியாக இருந்த நாட்டிலிருந்து படிக்கும் நமக்கு இது உறுத்தாமல் இருக்க முடியாது. பெண்களை வரலாறு ஓரங்கட்டியதும் அப்படியே. அன்றைய சூரிச் பத்திரிகை அந்தக் காபரேயின் நட்சத்திரம் என்று எழுதியது ஹென்னிங்ஸைத்தான். பின்னால் வந்த நூல்கள் பலவற்றில் அவர் ஹ்யூகோ பாலின் துணைவி மட்டுமே. யாங்கோவின் முகமூடிகளோடு ஆடிய சோஃபி டோய்பர், கைவினைப் பள்ளியில் நெசவு கற்பித்த ஆசிரியை. அவருக்கு உரிய இடம் கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. 1995-இல் சுவிஸ் 50 பிராங்க் நோட்டில் அவர் முகம் அச்சாயிற்று.

இதனால் போர் நின்றதா என்றால், நிற்கவில்லை. காபரே அந்தக் கோடையிலேயே மூடப்பட்டது. ஹ்யூகோ பால் 1917-இல் டாடாவை விட்டு விலகி, பெர்ன் நகரில் போர் எதிர்ப்புப் பத்திரிகையில் எழுதி, 1919-இல் ஜெர்மன் அறிவுலகத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் ஒரு நூலை வெளியிட்டார். 93 பேர் கையெழுத்திட்ட அறிக்கையை நினைவில் வைத்துப் படித்தால், அவர் மேடையில் செய்ததும் நூலில் செய்ததும் ஒரே வேலை என்பது விளங்கும். ஹூல்சன்பெக் 1917 தொடக்கத்தில் பெர்லின் திரும்பினார். மக்கள் டர்னிப் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த குளிர்காலம் அது. அங்கே டாடா நேரடி அரசியலாயிற்று. கலைஞர் ஹெல்முட் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் ஏற்கெனவே, இங்கிலாந்தைக் கடவுள் தண்டிக்கட்டும் என்ற முழக்கத்தை எதிர்த்துத் தம் பெயரை ஆங்கிலமாக்கி ஜான் ஹார்ட்ஃபீல்ட் ஆகியிருந்தார். ஹன்னா ஹோஹ், ரவுல் ஹவுஸ்மான் ஆகியோர் பத்திரிகைப் படங்களையே கத்தரித்து ஒட்டிப் பத்திரிகைக்கு எதிராகத் திருப்பினார்கள். 1920 கோடையில் பெர்லினில் நடந்த டாடா கண்காட்சியில், பன்றி முகம் வைத்த ராணுவ அதிகாரிப் பொம்மை ஒன்று கூரையிலிருந்து தொங்கியது. கைகால் இழந்த படைவீரர்கள் வரிசையாக நடைபோடும் ஓட்டோ டிக்ஸின் ஓவியம் சுவரில் இருந்தது. டிக்ஸ் இயந்திரத் துப்பாக்கி இயக்கியவர். கண்ணால் பார்த்ததைத் தீட்டினார். அந்தக் கண்காட்சி தொடர்பாக ராணுவத்தை அவமதித்ததாக வழக்குப் போட்டார்கள். 1921-இல் ஓவியர் ஜார்ஜ் கிராஸுக்கு 300 மார்க்கும் பதிப்பாளர் வீலண்ட் ஹெர்ட்ஸ்ஃபெல்டேவுக்கு 600 மார்க்கும் அபராதம் விதித்தார்கள்.

கடைசியாக, அந்த இடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. 2002-இல் கலைஞர்கள் சிலர் உள்ளே புகுந்து கட்டடத்தைப் பிடித்துக்கொண்டதால் அது வேறு பயனுக்குப் போகாமல் தப்பியது. 2004 முதல் காபரே வோல்டேர் என்ற அதே பெயரில் கலை அரங்கமாக இயங்கிவருகிறது. சூரிச் போக வாய்ப்பு இல்லையென்றால் ஹ்யூகோ பாலின் நாட்குறிப்பிலிருந்து தொடங்குங்கள், ஆங்கிலத்தில் கிடைக்கிறது. 1916 பிப்ரவரி முதல் ஜூலை வரையுள்ள பக்கங்களை மட்டும் முதலில் படியுங்கள். டாடாக்காரர்களின் அறிக்கைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.